புகைக்குக் காரணம்

7 ஜூலை, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. கடப்பாக்கத்தில் எங்கள் சவுக்குத் தோப்பு வரை போய் வந்தேன். வெட்டு அடுத்த மாதம்தானாம். தேதியை எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன்.

கார் புகை விடுகிறது. கரும்புகை. இழுவை இல்லை என்று டிரைவர் அற்புதம் போன வாரமே சொன்னான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று கண்ணால் பார்த்தேன். மாமல்லபுரம் தாண்டும்போது வேகம் எடுத்தான், பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. சாலையோரம் சங்கு விற்கும் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். பைக்கில் வந்த ஒருவன் என் ஜன்னல் பக்கம் ஒட்டி வந்து, "இன்னா ஆயா, ஊருக்கே கொசு மருந்து அட்ச்சினு போறியா?" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான்.

ஆயா. பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மேடம். நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காது சுட்டது.

கார் அவர் வாங்கியது. டீசல், பதினேழு வயது. அவர் போய் ஆறு வருடம். விற்றுவிடு என்று ரகு ஞாயிறுதோறும் போனில். மகனுக்கு என்ன தெரியும். விற்கிற வண்டி இல்லை அது.

வாங்க: கண் சொட்டு மருந்து, வேப்பம்புண்ணாக்கு, தபால் உறை.

8 ஜூலை, செவ்வாய்

வெயில். முழங்கால் வலி, இடது.

யோசித்துப் பார்த்தேன். புகைக்குக் காரணம் டீசல்தான். போன புதனன்று ஒப்பந்தப் பத்திரம் வாங்கிவர அற்புதத்தைத் தனியாகச் செய்யூருக்கு அனுப்பினேன். வழியில் டீசல் போட்டு வந்தான். ரசீது தரவில்லை. நல்ல டீசலை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் எதையாவது கலந்திருப்பான். இல்லாவிட்டால் திடீரென்று ஏன் புகை?

காலை வந்ததும் கேட்டேன். பங்க்கில் மெஷின் ரிப்பேர், ரசீது வரவில்லை என்றான்.

"ரசீது இல்லாத பேச்சு எனக்கு வேண்டாம், அற்புதம்."

"ஏம்மா, அஞ்சு வருசமா ஓட்டுறேன். ஒரு சொட்டு எடுத்திருப்பேனா?"

மேல்வீட்டுப் பெண் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கும்படிதான் பேசினேன். அவன் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கார் துடைக்கப் போய்விட்டான்.

மதியம் சிஸ்டர் ரெஜினா போன். என் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவள், இப்போது படாளம் பக்கத்தில் ஒரு பள்ளியின் நிர்வாகி. பள்ளி வேனுக்கு நிரந்தர டிரைவர் வேண்டுமாம், அற்புதம் மனுப் போட்டிருக்கிறான். அவன் வீடும் படாளம்தான். ஊழியர் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டு, அவன் மகள் ஆறாம் வகுப்புக்கு வருகிறாள். எல்லாம் சரி, உன் ஒரு வார்த்தை போதும் என்றாள்.

அவனுடைய நேர்மைக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன்.

சிஸ்டர் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து காபி குடித்தேன். கடமையைச் செய்த நினைப்பு.

9 ஜூலை, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

செங்கல்பட்டு பைபாஸ் பக்கம் கரீம் பாயின் மெக்கானிக் ஷெட். அற்புதம் ஓட்டினான். ஷெட்டில் இன்னும் மூன்று பேர் தங்கள் வண்டிகளோடு காத்திருந்தார்கள். முதலில் டீசலைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன், அற்புதத்தின் எதிரிலேயே. பாய் கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தார். கால் மணி நேரம். தெளிவாக இருந்தது. முகர்ந்தார். விரலில் தேய்த்தார்.

"சுத்தமா கீதும்மா. கலப்படம்லாம் இல்ல."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வேறு என்னவாக இருக்கும் என்று கேட்டேன்.

கரும்புகை என்றால் டீசல் அளவுக்கு மீறிப் போகிறது, அல்லது காற்றுப் போதவில்லை, அவ்வளவுதான் என்றார். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தார், கிழிசல் இல்லை. பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் தட்டினார்.

அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மே மாதம். அற்புதம் மச்சினி கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு. அவன் அந்த ஃபில்டரைச் சுவரில் தட்டித் தூசி எடுப்பதை முன்பே பார்த்திருக்கிறேன், அரைகுறை வேலை என்று என் நினைப்பு. கிளிப் கழற்ற, கார் வாங்கிய புதிதில் அவர் சொல்லித் தந்திருக்கிறார். கழற்றினேன். சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பிரஷ் போட்டு, மூன்று தண்ணீர் அலசி, கடைசித் தண்ணீரில் என் வெள்ளைப் புடவைகளுக்குப் போடும் சொட்டு நீலமும். கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். திரும்பப் பொருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, துணி துவைத்ததை யார் சொல்வார்கள்.

பாய் அதை வெளியே எடுத்தார். வெளிப்பக்கம் கரி. காகித மடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பொரித்த அப்பளம் மாதிரி விறைத்து. அது இல்லாமல் வண்டியை உறுமவிட்டார். புகை இல்லை.

"பேப்பரும்மா இது. தண்ணி பட்டா ஊறி அடச்சிக்கும், அப்புறம் தூசியும் அதுமேலயே குந்திக்கும். காத்து எப்டிப் போவும்?" மடிப்பைப் பிரித்து அற்புதத்திடம் நீட்டினார். "இன்னாபா, டிரைவரா நீ? வண்ணாந்துறைல வேலை பாத்துனு இருந்தியா? நீலம் வேற போட்டுகீற."

மூன்று பேரும் சிரித்தார்கள். உள்மடிப்பில் இளநீலம், நன்றாகவே தெரிந்தது. அற்புதம் அதைப் பார்த்தான். பிறகு என் புடவையைப் பார்த்தான். முகத்தை அல்ல.

"தெரியாம பண்ட்டேன் பாய்" என்றான்.

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். மூக்குக் கண்ணாடி. அது கண்ணில்தான் இருந்தது.

புது ஃபில்டர் போட்டு வீடு வந்தோம். இழுவை நன்றாக இருக்கிறது.

10 ஜூலை, வியாழன்

மாலை தூறல்.

நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டவை:
புகைக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.
அவனே ஒப்புக்கொண்டான், நான் சொல்லச் சொல்லவில்லை.
எழுபத்துமூன்று வயது.
ரசீது கேட்பது தவறில்லை.

கடைசி வரியைப் பற்றி. அற்புதம் வருவதற்கு முன் அத்தை மகன் சீனு இந்தக் காரை எட்டு மாதம் ஓட்டினான். எத்தனை முறை டீசல் போட்டான். ஒரு நாளும் ரசீது கேட்டதில்லை. சீனுவிடம் கேட்கத் தோன்றவில்லை, அற்புதத்திடம் தோன்றியது. ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

காலை வழக்கம் போல வந்தான். கார் துடைத்தான். இன்று சொல்லிவிடுவது என்று வாசல் வரை போனேன். "டயர் காற்றைப் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கிளம்பும்போது அவனே பேசினான்.

"அம்மா, ஸ்கூல்ல இருந்து கூப்ட்டாங்க. எனக்கு இல்லியாம்."

"காரணம் சொன்னார்களா?"

"உங்க மேடத்தாண்ட கேட்டோம்னாங்க. அதுக்குமேல ஒண்ணும் சொல்லல." கயிற்றில் மாட்டிய சாவியை ஆணியில் மாட்டினான். "புள்ளைக்கு யூனிபார்ம் பாத்துட்டு வந்துட்டா எங்க வூட்ல. அவளாண்ட என்னான்னு சொல்றதுன்னுதான் தெரில."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

11 ஜூலை, வெள்ளி

சிஸ்டருக்குக் கடிதம். நான்கு வரைவு.

முதலாவதில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று இருந்தது. என் பெயரே அதில் இல்லை. கிழித்தேன். இரண்டாவதில் என் வயது, கண் புரை, அவர் மறைவு எல்லாம் வந்துவிட்டது. கிழித்தேன். மூன்றாவது ஆங்கிலத்தில், அழகாக. அதையும்.

நான்காவது, தமிழில், ஆறு வரி. ஃபில்டரைக் கழுவிக் கெடுத்தது நான். டீசல் சுத்தமானது என்று மெக்கானிக் சொன்னார். அற்புதராஜ் என்னிடம் ஐந்து வருடம் நேர்மையாக வேலை செய்திருக்கிறார். நான் விசாரிக்காமல் பழி சொன்னேன். கையெழுத்து, தேதி.

நேரில் கொடுக்க வேண்டும். தபாலில் போட்டால் ஒளிந்துகொள்வதுதான்.

12 ஜூலை, சனி

அற்புதத்தை வைத்தே படாளம் போனேன். எதற்கென்று சொல்லவில்லை. அவன் வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டான்.

சிஸ்டர் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். வியாழனன்றே வேறு ஒருவருக்கு ஆணை கொடுத்தாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. மகளுக்கு இடமும் அந்த வேலையோடு சேர்ந்ததுதான். ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். திட்டவில்லை. சிறு வயதில் என் நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் பழகியவள்.

அவன் மனுவைக் காட்டச் சொன்னேன். ஓரத்தில் அவள் கையால், நேர்மை பற்றி ஐயம் என்று. நீக்கச் சொன்னேன். கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் நான் சுருக்கொப்பம் வைத்தேன், பத்திரங்களில் ஆயிரம் முறை வைத்தது போல. கோட்டுக்கு அடியில் எல்லா எழுத்தும் தெரிகிறது.

திரும்பும் வழியில், மதுராந்தகம் ரோட்டில், சொன்னேன். ஃபில்டர் நான் கழுவியது. வேலை என்னால் போனது. கடிதம் கொடுத்தேன், பயனில்லை. பின்சீட்டிலிருந்து அவன் பிடரியைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

கொஞ்ச தூரம் ஓட்டினான்.

"நீலத்தப் பாத்ததுமே தெரிஞ்சுதும்மா. நீங்க சொல்வீங்கன்னு பாத்துகினே இருந்தேன். மூணு நாளா."

நான் மன்னித்துவிடு என்றேன். டோல் தாண்டிய பிறகு, "சொல்றதா இருந்தா பாய் கடைல சொல்லுங்க. அங்கதான் சிரிச்சாங்க" என்றான்.

13 ஜூலை, ஞாயிறு

மழை. ஷெட் லீவு. ரகு போன், காரை விற்பது பற்றி. ஃபில்டர் விஷயம் அவனிடமும் சொன்னேன். சிரித்தான். விடும்மா, டிரைவர்தானே என்றான். போனை வைத்துவிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

ஒன்பது மணிக்கே ஷெட். பாய் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. டீக்கடைப் பக்கமிருந்து இரண்டு பேர், ஆட்டோக்காரர், உதிரிபாகக் கடைக்காரர். புதன்கிழமை சிரித்தவர்களில் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது, தெரியவில்லை.

"பாய், அன்றைக்கு அந்த ஃபில்டரைக் கழுவியது நான். அற்புதம் இல்லை. அவர் மேல் டீசல் பழி போட்டதும் நான். அவர் மேல் விழுந்த இரண்டு பழியும் பொய்."

பாய் வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்க கழுவினா கழுவினதும்மா, அதுக்கு இன்னா இப்போ" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அற்புதம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், காரிலேயே உட்கார்ந்திருந்தான். கண்ணாடி ஏற்றியிருந்தது. லாரி வேறு போய்க்கொண்டிருந்தது. போய் முடியும் வரை காத்திருந்தேன். கையைக் காட்டி அவனைக் கூப்பிட்டேன். வந்து நின்றான்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், இன்னும் சத்தமாக.