கல்யாணமாகாதவளின் சம்பளம்

மாட்ரிட், 4 மார்ச் 1957, திங்கள்

பருப்பு இன்றும் வேகவில்லை. அடுப்பு எங்களுக்கு எட்டு மணியிலிருந்து எட்டரை வரைதான். அறையை வாடகைக்கு விட்டபோதே வீட்டுக்காரி தோன்யா விர்த்துதெஸ் சொல்லிவிட்டாள். இன்று சமையலறை வாசலில் நின்று கடிகாரத்தையே பார்த்தாள்.

"பாதி வெந்தா என்ன, ரெண்டு பேருக்கும் பல்லு நல்லாத்தானே இருக்கு?"

என் புருஷன் எலாதியோ சிரித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணமாகி ஏழு மாதம். பகலெல்லாம் அவன் யார் யாருக்கோ வீட்டு வரைபடம் போடுகிறான். நாங்கள் இருப்பது கட்டிலைச் சுற்றிவர முடியாத அறையில்.

காப்பீட்டு அலுவலகத்தில் நான் இன்னும் 'செல்வி விசித்தா'தான். கல்யாணமான பெண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. படியேறும்போது மோதிரத்தைக் கழற்றிக் கைப்பையில் போடுகிறேன்.

9 மார்ச்

ஆற்றுக்கு அப்பால் புதுக் குடியிருப்பு கட்டுகிறார்கள். இரண்டு அறை, சொந்த அடுப்பு! தம்பதிகளுக்கு மட்டும். அவன் சம்பளம் மட்டும் போதாது. மனுவில் என்னுடையதையும் எழுதினால், மனைவி என்று வேலையிடத்தோடு எழுத வேண்டும்.

"எழுதும்மா, யாரு போய் விசாரிக்கப்போறா?" என்றார் மனு வாங்கும் குமாஸ்தா.

எழுதிவிட்டேன். தப்பு செய்துவிட்டேனோ?

2 ஏப்ரல்

விசாரித்துவிட்டார்கள்.

மேற்பார்வையாளர், குடியிருப்பு அலுவலகம் என்னைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதத்தை நீட்டினாள். "எவ்ளோ சந்தோஷமான விஷயம், எங்ககிட்டயே மறைச்சிட்டியேடி!" கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது என்றாள்.

5 ஏப்ரல், வெள்ளி

பெண்கள் எல்லாரும் சேர்ந்து பரிசு கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கான காபி செட். "உன் வீட்டுக்கு நாங்க வர்றப்போ இதுலதான் காபி தரணும்!"

எந்த வீட்டுக்கு? கட்டிலுக்கு அடியில்கூடப் பெட்டி நுழையவில்லை.

29 ஏப்ரல்

மனு தள்ளுபடி. காரணம்: மனைவிக்கு வருமானமில்லை.

அடப்பாவிகளா, நீங்க எழுதின கடுதாசிதானே என் வேலையையே தின்னுச்சு! எலாதியோவிடம்தான் கத்தினேன். வேறு யாரிடம் கத்த?

"எனக்கு வீடு வரையத்தான் தெரியும் விசி," என்றான்.

4 மே

ஒரு சம்பளத்தில் இந்த அறையும் கட்டுபடியாகவில்லை. விட்டாயிற்று. அவனுக்கு அவன் அம்மா வீட்டுக் கூடத்தில் மடக்குக் கட்டில், ஒருவருக்குத்தான் இடம். எனக்கு அக்கா வீட்டில் அவள் மகளோடு ஒரே படுக்கை.

"ரெண்டே மாசம்," என்றான். அவனே நம்பவில்லை.

12 மே, ஞாயிறு

சாயங்காலம் ஐந்துக்கு ரெத்திரோ பூங்காவில் சந்தித்தோம். சவரம் செய்து, தலைவாரி, சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு வந்திருந்தான். குளத்தருகே பெஞ்சில் உட்கார்ந்தோம். பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி கொறித்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு முத்தம் கொடுத்தான்.

எங்கிருந்துதான் வந்தானோ, பூங்காக் காவலன் எதிரே நின்றான்.

"இந்தாப்பா, பொது இடத்துல என்ன இது? அபராதம் போடவா? இதெல்லாம் கல்யாணம் பண்ணிக்கிட்டு உங்க வீட்டுல வெச்சுக்கங்க."

எலாதியோ எழுந்து தொப்பியைக் கழற்றினான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"சரிங்கய்யா," என்றான். "பண்ணிக்கிறோம்."