சும்மா இருந்த மீன்கள்

மார்ச் 4, செவ்வாய்
மாற்றலாகி வந்த ஆய்வாளர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மீன் ஈரலை எடை போடத் தராசு வேண்டுமாம். இது மீன்வள ஆய்வகமா, கறிக்கடையா? பெண் மீனின் வயிற்றைக் கீறி, சினைப்பையைப் பார்த்து, இந்த ஆண்டு முட்டையிட்டதா என்று எழுதுவது நம் வேலை. அதற்கு ஈரல் எதற்கு? இன்றிலிருந்து அவர் பெயர் ஈரல்காரர்.

மார்ச் 6, வியாழன்
தராசு வந்துவிட்டது. யார் எதை நீட்டினாலும் இயக்குநர் கையெழுத்துப் போடுவார். வேறென்ன தெரியும் அவருக்கு?

மார்ச் 11, செவ்வாய்
முட்டையிடும் பருவம் முடிந்துவிட்டது. பெரிய மீன், பை சுருங்கிக் காலியாகக் கிடக்கிறது. வழக்கம்போல் ‘முட்டையிட்டு முடித்தது’ என்று எழுதினேன். ஈரல்காரர் பின்னால் வந்து நின்று, “மேடம், இது இந்த வருஷம் முட்டையே போடலைன்னு நினைக்கிறேன்” என்றார்.
ஒன்பது வயது மீன். பல முறை முட்டையிட்டிருக்கும். திடீரென்று ஓர் ஆண்டு ஏன் சும்மா இருக்கும்? உங்களிடம் விடுப்புக் கடிதம் கொடுத்ததா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதுதான் எரிச்சல்.

மார்ச் 15, சனி
தம்பி வந்திருந்தான். மீன்வளம் பெருகுகிறது என்று போன வருஷம் நான் சொன்னதை நம்பித்தான் இரண்டாவது படகை இறக்கினான். அரசு அனுமதிக்கும் பிடிப்பு அளவை இன்னும் கூட்டுவார்களா என்று கேட்டான். பிறகு அவனே, இந்த வருஷம் மீன் தலை பெருத்து உடம்பு வற்றிக் கிடக்கிறது என்றான். கடலுக்குப் போகிறவனுக்கு எந்த வருஷம்தான் குறையில்லை?

மார்ச் 19, புதன்
ஈரல்காரர் சினைப்பையை மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். முட்டையிட்ட மீன் என்றால், முட்டை வெளியேறிய வெற்றுக்கூடுகள் உள்ளே தெரிய வேண்டும். ஒன்றுமில்லை. பாதி வளர்ந்த முட்டைகளை உடம்பே திரும்பக் கரைத்துக்கொண்டிருந்தது.
“இரை போதலை மேடம். ஈரல்ல கொழுப்பே இல்ல. இப்ப முட்டை போட்டா அதுவே தாங்காது. அதான் இந்த வருஷத்த விட்டுடுது.”
கதை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்
ஒரு சீவலை வைத்து ஒரு கடலையே அளக்கிறார்.

மார்ச் 22, சனி
விடுமுறை. ஆய்வகத்தில் யாருமில்லை. ஈரல்காரர் மெழுகில் பதித்திருந்த சினைப்பைகளில், நான் ‘முட்டையிட்டு முடித்தது’ என்று எழுதிய அறுபதை நானே சீவினேன்.
இருபத்துமூன்றில் வெற்றுக்கூடு இல்லை.
மறுபடி பார்த்தேன். இருபத்துமூன்று.
இருபது வருஷமா கண்ணால பாத்தே எழுதினேனே — பை காலின்னா போட்டு முடிச்சிடுச்சுன்னு யார் சொன்னா? நானேதான் சொல்லிக்கிட்டேன். எத்தனை வருஷம் இப்படித் தப்பா எழுதினேன்? பெரிய நிபுணர்!

மார்ச் 24, திங்கள்
முட்டையிட்ட மீன்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவாகிறது. எண் தவறு, பிடிப்பு அளவைக் குறைக்க வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, “அடுத்த வருஷ அறிக்கையில வரட்டுமே” என்றார்.
மீனாவது பட்டினியால் சும்மா இருந்தது. இவர் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்.

மார்ச் 28, வெள்ளி
பிடிப்பு அளவை முடிவு செய்யும் கூட்டம். முன் வரிசையில் படகுக்காரர்கள்; நடுவில் தம்பி. எழுந்து, இத்தனை ஆண்டு எண்களும் என்னுடையவை, அவற்றை நம்ப முடியாது என்றேன். இயக்குநர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிப்பு அளவைக் குறைத்தார்கள்.
வெளியே தம்பி, “வீட்ல முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா” என்றான்.
சொல்லியிருக்கலாம். வீட்டிலேயே சொல்லி அவன் முகத்தைப் பார்த்துவிட்டால், பிறகு கூட்டத்தில் வாய் வராதோ என்று பயந்தேன். கோழை.

ஏப்ரல் 9, புதன்
தம்பி இரண்டாவது படகைக் கரையேற்றிவிட்டானாம். அவன் மனைவிதான் போனில் சொன்னாள். அவன் என்னிடம் பேசுவதில்லை.

ஏப்ரல் 17, வியாழன்
காலையில் ஆய்வக வாசலில் ஒரு ஐஸ் பெட்டி. உள்ளே பத்துப் பெரிய பெண் மீன்கள், வயிறு கீறாமல். எந்த நாள், எந்த இடம், எத்தனை பாகம் ஆழத்தில் பிடித்தது என்று தம்பி எழுதிய தாள். எனக்கென்று அதில் ஒரு வார்த்தை இல்லை. கோழி கிளறியது போன்ற கையெழுத்து. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துத்தான் பதிவேட்டில் ஏற்றினேன்.