திங்கட்கிழமைதோறும் 214-ஐக் கேட்பது யார்?

மம்பாவ் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. எனக்கு முன்னால் ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பால் ஏற்றிய லாரி. கார்க் கண்ணாடியை ஏற்றியும் அந்தப் புளித்த நாற்றம் உள்ளே வந்துவிட்டது. நான் மூக்கைப் பொத்தினால் நீ சிரிப்பாய். "கிராணி வீட்டுப் பொண்ணுக்கு நாத்தம். பால்மரம் சீவுன எங்கம்மாவுக்கு அதுதான்டி சோறு" என்பாய். நீ போன பிறகு எட்டு மாதமாக நான் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. அன்று வந்ததும் துக்கத்தால் அல்ல. எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

நீலாயில் நம் ஆய்வுக்கூடத்துப் பழைய சர்வரை மாதக் கடைசியில் நிறுத்தப் போவதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. யாராவது பயன்படுத்துவதாகக் காட்டினால் யோசிப்பார்களாம். அதில்தானே நம் ஆன்டாலஜி, ரப்பர் மர நோய்களின் பட்டியல், இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு நீ சொல்லும் விளக்கம் எனக்கு மனப்பாடம். "கித்தா மரத்து நோவு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண்ணு, ஒரு விளக்கம், இன்டர்நெட்ல மாறாத ஒரு அட்ரஸ். ஊருக்கு ஊரு பேரு மாறும், எண்ணு மாறாதுலா." சர்வரை நிறுத்தினால் எந்தெந்த நாட்டுக் கட்டுரைகளிலோ அச்சாகிவிட்ட அந்த முகவரிகள் எல்லாம் ஒன்றும் இல்லாத இடத்தைக் காட்டும்.

வருகைப் பதிவைத் திறந்தேன். மூன்று மாதமாக ஈ காக்கை இல்லை. ஒரே ஒருவரைத் தவிர. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு யாரோ வந்து 214-ஐ மட்டும் கேட்கிறார், பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். எல்லா எண்ணையும் விட்டு 214-ஐ எதற்குக் கேட்க வேண்டும்? கேரளத்தில் ஓர் ஆய்வாளரைக் கற்பனை செய்தேன். தாய்லாந்தில் ஒரு மாணவி என்றும் நினைத்தேன். யாராக இருந்தாலும் 214 என்றதும் எனக்கு முகம் சுட்டது.

நான் செய்த கூத்து உனக்கு மறக்காது. பால் நின்றுபோன பட்டைக்கு இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்து, ஒன்றே இரண்டு முறை பதிவாகிவிட்டது என்று 214-ஐ அழித்து 215-இல் சேர்த்துவிட்டேன். பேரேட்டில் ஒரு வரி கூடுதலாக இருந்தால் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதிய எங்கள் தாத்தாவுக்குத் தூக்கம் வராது. எனக்கும் அந்தப் புத்திதான். நீ அன்று மேசையைத் தட்டிக் கத்தினாய்.

"கோவிச்சுக்கிட்ட பட்டையும் செத்த பட்டையும் ஒண்ணாடி? கோவிச்சுக்கிட்டா கொஞ்ச மாசம் கத்தி வைக்காம விடு, திரும்பப் பால் கொடுக்கும். எங்கம்மாவக் கேளு. செத்தது கொடுக்குமா?"

அதற்குள் ஒரு சோதனைத் தோட்டத்தில், ஓய்வு கொடுக்க வேண்டிய மரங்கள் வெட்டிச் சாய்க்கும் பட்டியலில் ஏறிவிட்டன. நீதான் போன் போட்டு நிறுத்தினாய். கோவித்துக்கொண்ட பட்டைக்கான 214-ஐத் திரும்ப வைத்துவிட்டு எனக்கு ஒரு சட்டம் போட்டாய். "எந்த எண்ணையும் அழிக்காத. வேணாம்னா, 'இப்ப இல்ல, அங்க போய்க் கேளு'ன்னு பக்கத்துல எழுது. கேட்டு வர்றவன் முழிக்கக் கூடாது."

சரி, அந்த ஆளைக் கண்டுபிடித்தால் அலுவலகத்துக்குக் காட்டலாம் என்று கணினிப் பிரிவில் இருக்கும் தம்பியிடம் பதிவைக் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டுச் சொன்னான், "வெளிநாடெல்லாம் இல்லக்கா. மம்பாவ் பக்கம் ஒரு வீட்டு லைன்லா."

உன் வீட்டுக் கதவைத் திறந்தது உன் அண்ணன். உன் அறையில் மின்விசிறி சுழலும் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. உன் கணினி. "ஆஃப் பண்ண மனசு வரலம்மா. அந்தச் சத்தம் கேட்டா அவ உள்ள வேல செய்யுற மாதிரியே இருக்கு" என்றார்.

திறந்து பார்த்தேன். நீ எழுதி வைத்த ஒரு சின்ன நிரல். வாரம் ஒருமுறை 214-ஐக் கேட்கும், பதில் வந்தால் 'இருக்கு' என்று ஒரு வரி எழுதும். பக்கம் பக்கமாக 'இருக்கு'. பதில் வராவிட்டால் எனக்கு அனுப்ப ஒரு கடிதம் தயாராக இருந்தது. "கிராணி வீட்டுப் பொண்ணே, மறுபடியும் 214-ஐக் காணோம். என்னடி பண்ண?"

அடிப்பாவி, கடைசி வரைக்கும் என்னை நம்பவில்லை. சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கேரளத்து ஆய்வாளரும் இல்லை, தாய்லாந்து மாணவியும் இல்லை. என் ஒரே சாட்சி நீதான். அலுவலகத்தில் உண்மையைச் சொன்னேன். இந்த மூன்று மாதம் யாரும் கேட்கவில்லை என்பதால் இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஆகிவிடாது என்றும் சொன்னேன். வெட்டுப் பட்டியலில் ஏறிய அந்த மரங்களின் கதையையும் சொன்னேன். ஒரு மாதம் நீட்டித்தார்கள். அதற்குள் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுக் காப்பகம் நம் பட்டியலை ஏற்றுக்கொண்டது. பழைய முகவரியைத் தட்டினாலும் அங்கே போய்ச் சேரும்படி செய்துவிட்டேன். முதல் திங்கட்கிழமை காலை அண்ணனே கூப்பிட்டார். "இன்னைக்கும் இருக்குன்னு வந்திருக்கும்மா."

ஒன்று மட்டும் பாக்கி வைத்திருந்தேன். காப்பகத்தின் படிவத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. அதை அழித்துவிட்டு உயிரோடு இருப்பவர் பெயரைப் போடச் சொல்லியிருந்தார்கள். நாலு நாள் கை வரவில்லை. நேற்றுதான் முடித்தேன். உன் பெயரை அழிக்கவில்லை. பக்கத்தில் 'இப்போது இல்லை, இவரைக் கேட்கவும்' என்று எழுதி, என் பெயரைப் போட்டேன்.