காவடிக் கார்

நவம்பர் 2, சனி

காலையிலிருந்து வானம் கறுப்பு. மழை இல்லை. எங்கள் கிள்ளானை மிரட்டிவிட்டு ஷா ஆலம் பக்கம் போய்க் கொட்டுவதே இதற்கு வழக்கம். துணி காயவில்லை. தீபாவளி முறுக்கு டின்னில் பாதி மீதி. நமத்துப் போவதற்குள் தீர்க்க வேண்டும்.

தீர்க்க ஆள் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலை என்றால் பேரன் யுகனின் கூட்டாளிகள் இரண்டு பேர், ஒல்லி ரிஷியும் குண்டு பாலாவும், எங்கள் வீட்டுப் போர்ச்சில். டீயும் முறுக்கும் கொடுத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். டிவி நாடகத்தைவிட இவர்கள் பேச்சு மேல்.

யுகனுக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில், ஏர்கோன் குளிரடிக்கும் ஆபீஸ். உயிர் மட்டும் காரில். அவனுடைய சிவப்புக் காரைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருக்கிறான், பூனைகூட அடியில் படுக்க முடியாது. இந்த லைன் வீடுகளில் எந்தப் பையன் காரில் கை வைப்பதானாலும் அவனைக் கேட்டுத்தான் வைப்பான். பெருமைக்கு எழுதவில்லை. சரி, பெருமைக்குத்தான். யார் படிக்கப் போகிறார்கள்.

போனில் படம் பார்த்துப் பார்த்துச் சிரிப்பு.

"டேய், ஹெட்லைட்டுக்குக் கண்ணிமை ஒட்டி வச்சிருக்கான்டா!" இது பாலா.

"கல்யாணப் பொண்ணு லா அது, விடு," என்றான் ரிஷி.

"பின்னாடி றெக்கையைப் பாரு," என்றான் யுகன். "அதுல பாட்டி துணி காயப் போடலாம்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது கடைசி வீட்டுச் சரவணன் கார் திரும்பியது. பார்சல் கொடுக்கும் வேலை அவனுக்கு. மனைவி மீனா, இன்னும் ஒரு வயது ஆகாத பெண் குழந்தை. நல்ல பையன், கார்தான் பார்க்கச் சகிக்காது. ஊதா ஸ்டிக்கர், அடியில் பச்சை லைட், சிவப்பு லைட், முன் கண்ணாடியில் ஜரிகை, மயில் இறகு, பின்னால் பெரிய றெக்கை.

"காவடி வந்துருச்சு! மேளம் அடிங்கடா!" என்று யுகன் கத்தினான். பாலா முறுக்கு டின்னை எடுத்துத் தட்டினான்.

சரவணன் கோபப்படவில்லை. காரை நிறுத்திவிட்டு வந்து அவனும் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு சரி.

"யுகண்ணே, உண்மையா சொல்லுங்க. என்ன செஞ்சா நல்லா இருக்கும்?"

"முதல்ல எல்லாத்தையும் கழட்டு. அப்புறம் இறக்கு. யானை மாதிரி நிக்குது."

எல்லோரும் போன பிறகு யுகனிடம் சொன்னேன், காவடி என்று கேலி செய்யாதே, சாமி காரியம். "சாமிக்கே இவ்வளவு லைட் கிடையாது பாட்டி" என்கிறான். வாயாடி.

நவம்பர் 5, செவ்வாய்

தண்ணீர் வெட்டு. மூன்று வாளி பிடித்து வைத்தேன். ப்ரஷர் மாத்திரை தீரப் போகிறது. வாங்க வேண்டியது: கடுகு, உளுந்து, விளக்குத் திரி, பூனைக்குக் கருவாடு.

காலையில் சரவணன் தன் காரிலிருந்து ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். றெக்கை லோங்காங் சாக்கடை ஓரமாகக் கிடக்கிறது. மயில் இறகை மட்டும் மீனா குழந்தை தொட்டிலுக்கு மேல் கட்டியிருக்கிறாளாம். "சனிக்கிழமை யுகண்ணன் இறக்கித் தரேன்னு சொல்லிட்டாங்க பாட்டி," என்றான். முகம் எல்லாம் பல்.

"அவனுக்குத் தெரியாத கார் இல்லப்பா," என்றேன்.

நவம்பர் 9, சனி

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது. போர்ச்சில் ஒரே சத்தம், வட்டத் தகடு சுற்றும் மிஷினில் இரும்பு வெட்டுகிறார்கள். என் கற்பூரவள்ளித் தொட்டிமேல் தீப்பொறி. நகர்த்தச் சொன்னேன், யாருக்கும் காதில் விழவில்லை.

சரவணன் கார் ஜாக்கில். பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி, சுருளை வெட்டிக் குட்டையாக்கித் திரும்ப உள்ளே வைத்தான் யுகன். காரை இறக்க இதுதான் சுருக்கு வழியாம்.

ரிஷிக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் அவனும் விடுபவன் இல்லை.

"மச்சான், ஸ்பிரிங்கை மட்டும் வெட்டுற. ஷாக் அப்சோர்பர் அதே நீளம். சக்கரம் கீழ தொங்கும்போது பாரு, ஸ்பிரிங் லூஸா நிக்குது."

உண்மைதான். யுகன் கை வைத்ததும் அந்த ஸ்பிரிங் கையோடு சுற்றியது. ஜன்னலிலிருந்து எனக்கே தெரிந்தது.

"பாட்டி பல்லு மாதிரி ஆடுது," என்றான் பாலா. அவனுக்கு இனி முறுக்கு கிடையாது.

"கார் கீழ இறங்கினா அதோட வெயிட்டே அமுக்கிப் பிடிச்சுக்கும்டா," என்றான் யுகன்.

"பள்ளத்துல விழுந்து எகிறினா? இந்தக் கார்ல பின்பக்கம் ஸ்பிரிங் சும்மா உக்காந்திருக்கு, அப்சோர்பர் தனி. எகிறினா கழண்டு ரோட்டுக்கு வந்துரும்."

"கேபிள் டை போட்டுக் கட்டுறேன். என் கார்லயும் அதானே? ஓடலையா?"

"கேபிள் டையில நான் கருவேப்பிலைகூடக் கட்ட மாட்டேன் லா."

பாலா உருண்டு உருண்டு சிரித்தான். யுகன் முகம் மட்டும் மாறியது. அத்தனை பேர் முன்னால் இன்னொருவன் பாடம் எடுத்தால் அவனுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வெள்ளை பிளாஸ்டிக் பட்டையை இழுத்து இழுத்துக் கட்டினான். சரவணன் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு பயமா இருக்கா?" என்று கேட்டான் யுகன்.

"நீங்க செஞ்சா எனக்கு என்னண்ணே பயம்."

காரை இறக்கினார்கள். அழகாகத்தான் இருந்தது. ரிஷிகூட ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தான். படம் எடுத்து அவர்கள் குரூப்பில் போட்டார்கள், எல்லோரும் கை தட்டியிருக்கிறார்களாம். இப்போதுதான் கார் மாதிரி இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

நவம்பர் 10, ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு நேராக ரோட்டில் ஒரு மேடு போட்டிருக்கிறார்கள், வேகம் குறைக்க. சரவணன் கார் அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் ஒரு சத்தம். டொக். யாரோ கதவைத் தட்டியது போல. ஒரு தடவை எழுந்து போய்த் திறந்தும் பார்த்துவிட்டேன்.

சாம்பார் அடி பிடித்தது.

நவம்பர் 11, திங்கள்

டொக். காலையில் போகும்போது. சாயங்காலம் வரும்போது இரண்டு தடவை.

மாத்திரை வாங்கியாயிற்று.

நவம்பர் 13, புதன்

நல்ல மழை. யுகன் கார் இல்லாமல் வந்தான். கொமுட்டர் ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடை, தலை முதல் கால் வரை ஈரம். டீ கொடுத்தேன். குடிக்காமல் கிளாஸை மேசையில் வைத்துவிட்டான்.

பிறகு அவனாகச் சொன்னான்.

பெடரல் ஹைவேயில் பாலம் சேரும் இடத்தில் கார் எகிறியிருக்கிறது. கேபிள் டை அறுந்து, பின் ஸ்பிரிங் ஒன்று கழன்று ரோட்டில் ஓடிவிட்டது. கார் ஒரு பக்கமாகக் குந்தி, ஸ்டேரிங் சொன்ன பேச்சைக் கேட்காமல் அடுத்த பாதைக்குள் போய்விட்டது. பின்னால் லோரி.

"லோரிக்காரன் ஹாரன் அடிச்சான் பாட்டி. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

அவன் தலையைத் துவட்டினேன். இருபத்தாறு வயதுப் பிள்ளை, தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யார்ட்டயும் சொல்லாத பாட்டி."

"சரவணன்ட்ட?"

"நானே சொல்றேன்."

முருகா. பிள்ளை முழுசாக வந்தான். அது போதும்.

போதுமா?

நவம்பர் 14, வியாழன்

யுகன் கார் வொர்க்ஷாப்பிலிருந்து வந்துவிட்டது. ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ஸ்பிரிங்கை, வெட்டாததை, எடுத்துக்கொண்டு போய் மாட்டி வந்திருக்கிறான். கார் இப்போது உயரமாக நிற்கிறது, எல்லார் காரையும் போல. உடனே மேலே துணி போட்டு மூடிவிட்டான். இத்தனை நாள் மூடாத கார். ரிஷி, பாலாவுக்குப் போன் போட்டு, காய்ச்சல், இந்த வாரம் வராதீங்கடா என்கிறான்.

மத்தியானம் மீனா வந்தாள், இடுப்பில் குழந்தை. சனிக்கிழமை குழந்தைக்குக் காது குத்து, தைப்பிங்கில் அம்மா வீட்டில். மாமன் மடி, கறிச் சாப்பாடு, எல்லாம் ஏற்பாடாம்.

"நீங்களும் வாங்க பாட்டி. கார்ல இடம் இருக்கு. இப்ப நம்ம காரும் அழகா இருக்குல்ல, எங்க அண்ணன் பாக்கணும்."

குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கியது. ஹைவேயிலா போகிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம், வேறு எப்படி என்றாள். தைப்பிங் வரைக்கும் ஹைவே.

சாயங்காலம் யுகனை வாசலிலேயே பிடித்துக் கேட்டேன்.

"சொல்லிட்டியா?"

"திரும்பி வந்ததும் நானே வேற ஸ்பிரிங் வாங்கி மாட்டிக் கொடுக்கிறேன்."

"வந்ததும்னா? போறதுக்கு முன்னாடி இல்லையா?"

"பாட்டி, உனக்குப் புரியாது. ரிஷி அன்னிக்கே சொன்னான். இப்ப நான் போய் அவன் சொன்னதுதான் சரின்னு சொன்னா, குரூப்ல என்னை வச்சுச் செய்வானுங்க. நான் எத்தனை பேரைச் செஞ்சிருக்கேன் தெரியுமா?"

தெரியும். ஜன்னலில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரித்தவள்தானே நான்.

மருமகளிடம், யுகன் அம்மாவிடம், சொன்னேன். "அவனே சொல்வான் அத்தை. நீங்க ப்ரஷரை ஏத்திக்காதீங்க." அவளுக்குப் பாதி காதில் விழவில்லை, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 15, வெள்ளி

விளக்கேற்றினேன். திரி இரண்டு முறை அணைந்தது. மின்விசிறிக் காற்றுதான். வேறொன்றும் நினைக்கக் கூடாது.

சரவணன் வேலைக்குப் போகும்போது கேட்டில் நின்று மறித்தேன்.

"தம்பி, அந்தப் பின் ஸ்பிரிங் லூஸு. நாளைக்கு அந்தக் கார்ல போகாதே. பஸ்ஸுல போங்க."

"யாரு பாட்டி சொன்னா?"

யுகன் கார் நடு ரோட்டில் குந்தியதைச் சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. யார்ட்டயும் சொல்லாத பாட்டி என்று கேட்டிருக்கிறான் பிள்ளை. "சத்தம் கேக்குதே," என்றேன்.

சரவணன் சிரித்தான். "இறக்கின கார் அப்படித்தான் சத்தம் போடும், யுகண்ணன் சொல்லிட்டாங்க. நீங்கதானே பாட்டி சொன்னீங்க, அவருக்குத் தெரியாத கார் இல்லன்னு."

மேட்டில் ஏறினான். டொக்.

நவம்பர் 16, சனி

காலையில் அவர்கள் சாமான் ஏற்றும்போதே போய்விட்டேன். பாய், பை, பிள்ளை வாளி, தட்டு நிறையப் பழம். கார் ஏற்கனவே தாழ்ந்தது, சாமான் ஏற ஏற டயர் மேல்தகட்டைத் தொடும் போல இருந்தது. பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

"ஐ, பாட்டியும் வராங்க!" என்றாள் மீனா.

"நான் வரல. நீங்களும் போகல. யுகனைக் கூப்பிடு. அவன் வந்து சொல்ற வரைக்கும் இறங்க மாட்டேன்."

சரவணன் விழித்தான். பக்கத்து வீட்டுச் சீனத்தி கேட்டுக்கு வந்து பார்த்தாள். அசிங்கமாகத்தான் இருந்தது. இந்த லைனில் என்னை இப்படி யாரும் பார்த்ததில்லை. பார்க்கட்டும் என்று இருந்தேன்.

யுகன் பனியனோடு ஓடி வந்தான்.

"என்ன பாட்டி இது, இறங்கு."

"உன் காருக்கு என்ன ஆச்சுன்னு இவங்ககிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

மீனா அவனையே பார்த்தாள். "அண்ணே, என்ன சொல்றாங்க? கார்ல ஏதும் இருக்கா?" குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவன் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தான். எனக்கு அவன் முகம் தெரியும். சொல்லத்தான் வந்தான்.

அப்போது சரவணன், "யுகண்ணே, ரிஷி ஏதாவது பாட்டிகிட்ட கிளப்பி விட்டானா?" என்று கேட்டுச் சிரித்தான்.

போயிற்று.

"ஒன்னும் இல்ல," என்றான் யுகன். "பாட்டிக்கு ரெண்டு நாளா ப்ரஷர். மாத்திரை மாத்தினதிலிருந்து இப்படித்தான் ஏதாவது சொல்றாங்க. மன்னிச்சுக்கோ."

என் கையைப் பிடித்து இறக்கினான். மெதுவாகத்தான் பிடித்தான். மீனா என் கன்னத்தைத் தொட்டு, உடம்பைப் பாத்துக்குங்க பாட்டி என்றாள். நான் ரோட்டில் நின்று, "அவன் ஸ்பிரிங் கழண்டுச்சு! புதன்கிழமை கழண்டுச்சு!" என்று கத்தினேன். மீனா பாவமாகப் பார்த்தாள். பைத்தியம் கத்தினால் பார்ப்பது போல.

கார் நகரும்போது யுகன் சரவணன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான்.

"மெதுவா போ, சரவணா."

"என்னண்ணே, நீங்களா மெதுவா போகச் சொல்றீங்க?"

போய்விட்டார்கள்.

நான் சமைக்கவில்லை. மருமகள் பேக்கட் நூடுல்ஸ் போட்டாள். யுகன் தொடவில்லை. சரவணனுக்கு மூன்று தடவை போன் போட்டான், நான் பார்த்தேன். மூன்று தடவையும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், அதனால்தான். காது குத்தும் சந்தடியில் இருப்பார்கள், அதனால்தான்.

மழை பிடித்துவிட்டது. வடக்கே தைப்பிங் பக்கமும் பெய்கிறதாம், செய்தியில் சொன்னார்கள்.

யுகன் கூடத்தில், சாய்வு நாற்காலியில், போனை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு. இங்கே அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கதவு திறந்திருக்கிறது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் தைப்பிங் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று

போன் அடிக்கிறது. யார் என்று குனிந்து பார்த்தான். மீனா என்று அவன் உதடு அசைந்தது. எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நான் போய் எடுக்கிறேன்.