சிலாபத்துக் கிணறு

காலை ஐந்தரை. நீங்கள் நல்ல நித்திரை, எழுப்பவில்லை.

சிலாபத்துக்குப் போகிறேன். டவுனுக்கு வெளியே, நீங்கள் குடிபோக ஆசைப்படும் அந்தக் கிராமத்து வீட்டை இன்னொரு முறை தனியாகப் பார்க்க வேண்டும். அன்று நாங்கள் போனபோது வீட்டுக்காரர் அடுத்தடுத்து இளநீர் வெட்டித் தந்தார். ஒரு வாய் தேத்தண்ணீர் தரவில்லை. நீங்கள் உபசாரம் என்றீர்கள். எனக்கென்னவோ கிணறு உவர், தேத்தண்ணீரில் அது தெரிந்துவிடும் என்றுதான் படுகிறது. பக்கத்து வீட்டில் தேத்தண்ணீர் கேட்டுக் குடிப்பேன். உங்களுக்கும் ஒரு போத்தலில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வருவேன்.

இடியப்பம் மேசையில் மூடியிருக்கிறது. சொதியைச் சூடாக்கும்போது கொதிக்க விடாதீர்கள். வெளியே போனால் கதவைப் பூட்டித் திறப்பை எதிர் பிளாட் யதுஷாவிடம் கொடுங்கள்.

தண்ணீர் நன்றாக இருந்தால் அங்கே குடிவர மாட்டேன் என்று சொல்ல எனக்கு வேறு காரணம் இல்லை. இந்தக் கொழும்புக் காலி வீதியின் பஸ் சத்தம் இல்லாமல் நித்திரை கொள்ளப் பழகிக்கொள்ளலாம்.

அருந்ததி

பி.கு.: குடை எடுத்துவிட்டேன், தேடாதீர்கள்.

நேற்றுச் சாப்பிடும்போது நீங்கள் ஒன்று கேட்டதும் எழுந்து கோப்பை கழுவப் போய்விட்டேன். அது இன்னும் காதில் நிற்கிறது:

“உமக்கு அந்த ஊர் பிடிக்கேல்லையோ, இல்லாட்டி அங்க என்னோட தனிய இருக்கிறதுதான் பிடிக்கேல்லையோ?”