சமையலறையில் சிரிப்புச் சத்தம்

மாட்டுங்கா
3 ஜூலை 2025

அன்புள்ள வந்தனா,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிகிலின் டிபன் டப்பாவை முகர்ந்து பார்த்தேன். ஐம்பத்தாறு வயசில், விருப்ப ஓய்வு வாங்கிய ஒரு கௌரவமான மனுஷன், பெற்ற பிள்ளையின் டப்பாவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்கிறேன். வெளியே ஹரிதா, "அப்பா, உள்ள என்னதான் பண்றே? எனக்கு காலேஜுக்கு லேட்டாறது"ன்னு சாயங்கால வேளையில் கதவைத் தட்டுகிறாள். அவள் சொல்வதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

இதே மும்பையில், செம்பூரில் இருக்கிறவளுக்குப் போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் மூன்று பேர் கேட்பார்கள். என் வாட்ஸாப்பை நிகில் அவன் லேப்டாப்போடு ஏதோ இணைத்து வைத்திருக்கிறான். நீ பதில் எழுதினால் கீழே வாட்ச்மேன் வாங்கி என்னிடம் மட்டும் தருவார். ஏற்பாடு செய்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒரு மாசமாக, தினமும் ராத்திரி சமையலுக்கு நடுவில், ருக்குவும் நிகிலும் ஹரிதாவும். ருக்கு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். நான் உள்ளே காலை வைத்தால் போதும், கரண்ட் போன மாதிரி நின்றுவிடுகிறது. "என்ன ஜோக்?" என்று கேட்டால், "ஏன்னா, ஒண்ணுமில்லே. காபி கலக்கட்டுமா?" என்கிறாள். ராத்திரி எட்டு மணிக்கு யாராவது காபி குடிப்பார்களா?

காசு வராமல் ஒரு குடும்பம் இப்படிச் சிரிக்குமா? முன்பெல்லாம் நிகில் பதினோரு மணிக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவான். இப்போது ஏழு மணிக்கே ஆஜர். பெரிய பிரமோஷன் போலிருக்கிறது. டப்பாவில் சாம்பார் வாசனையே இல்லை என்றால் ஆபீசில் விருந்து போடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? தாணேயில் ஃப்ளாட்கூடப் பார்த்திருப்பார்கள். கிரகப்பிரவேசத்தன்று எனக்குப் பத்திரிகை வைப்பார்கள்.

ஃப்ளாட் கிடக்கட்டும். என்னைக் கண்டதும் சிரிப்பு ஏன் நிற்க வேண்டும்? அதுதான் தூங்க விடவில்லை. உனக்கு ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் எழுது.

உன் அண்ணா
வேங்கடசுப்ரமணியன்

*

செம்பூர்
8 ஜூலை 2025

அண்ணாவுக்கு வந்தனா அநேக நமஸ்காரம்.

உன் கடிதம் வந்தது. நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிந்தது. டப்பாவை அவன் சோப்பு போட்டு அலம்புகிறானாக்கும். அதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?

பிள்ளைகள் சிரித்தால் காரணம் கேட்கிற அப்பா நீ ஒருத்தன்தான். மன்னி பாவம், காலையிலிருந்து அந்த அடுப்படியிலேயே நிற்கிறாள். அவள் கொஞ்சம் சிரித்தால் உனக்கு என்ன நஷ்டம்? அவியலில் உப்பு குறைச்சல் என்று சொல்லத் தெரிகிறது. நன்றாக இருந்த அன்றைக்கு ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கிறாயா? அந்தப் பழைய மிக்ஸி போடுகிற சத்தம் செம்பூர் வரைக்கும் கேட்கிறது. முதலில் அவளுக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கிக் கொடு.

நிகிலைக் குடையாதே. அவன் பையைத் தொடாதே. கொஞ்ச நாள் பொறுமையாக இரு. ரெண்டு மாசமாக நீ இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எனக்கும் குறைதான். ஆனால் இந்த மழையில் வர வேண்டாம்.

அன்புடன்
வந்தனா

*

மாட்டுங்கா
17 ஜூலை 2025

அன்புள்ள வந்தனா,

மிக்ஸி வாங்கிக் கொடுத்துவிட்டேன். ருக்கு ஆச்சரியமே படவில்லை. "மூணு ஜார் இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள். என் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

திங்கட்கிழமை நிகிலின் பின்னாலேயே போனேன். முகத்தில் மாஸ்க், தலையில் ஹரிதாவின் பூப்போட்ட ரெயின்கோட் தொப்பி. ரயிலில் ஒரு அம்மாள் எனக்கு எழுந்து இடம் கொடுத்தாள். பாந்த்ரா-குர்லா வளாகத்தில் ஆபீஸ் உள்ளவன் குர்லாவில் மேற்குப் பக்கம் இறங்கி பஸ் பிடிக்க வேண்டாமா? இவன் பாலம் ஏறி, செம்பூர் ரயில் வருகிற ஹார்பர் லைன் பிளாட்பாரத்துக்குப் போகிறான். சரி, தாணே இல்லை, ஃப்ளாட் செம்பூரில் என்று முடிவு கட்டினேன். அவன் நேராக உன் வீட்டுக்குள் நுழைந்தான்.

உன் கதவு பாதி திறந்திருந்தது. செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் நின்றுகொண்டேன். நிகில் போனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசுகிறான். மே மாசத்திலிருந்து வேலை இல்லை, கூப்பிட்டால் நாளைக்கே சேரத் தயார் என்கிறான். போனை வைத்துவிட்டு, கேள்வி கேட்டவன் மூக்கால் பேசியதை உனக்கு அப்படியே நடித்துக் காட்டுகிறான். நீ சிரித்த சிரிப்பில் உன் குக்கர் விசில்கூட எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் சமையலறையில் நடப்பதும் இதுதான் என்று அப்போது புரிந்தது. உள்ளே வரலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வரவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று முதலில் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். நடு ராத்திரியில் எழுந்து எழுந்து பாஸ்புக்கைப் புரட்டியிருப்பேன். தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் போன் போட்டு அவன் மானத்தை வாங்கியிருப்பேன். அன்றைக்கே சிரிப்பு நின்றிருக்கும். கை நிறையச் சம்பளம் வந்தபோது அவன் தட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும், வந்தனா. வீட்டில் நாலு பேர் இருந்தும் யாரும் யாரோடும் பேச மாட்டோம். இப்போது சம்பளம் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் இந்த வீடு இவ்வளவு செழிப்பாக இருந்ததில்லை.

அதனால் எனக்கு எதுவும் தெரியாது என்று நடிக்கப் போகிறேன். நேற்று சாப்பிடும்போது, "ஆபீஸ் எப்படிடா போறது?" என்று கேட்டேன். "பிஸிப்பா" என்றான். "உடம்பைப் பாத்துக்கோ" என்றேன். ஒருத்தருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. சமையலறைக்குள் இனிமேல் போக மாட்டேன். கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது போதும். நீ மட்டும் வாயைத் திறந்துவிடாதே.

உன் அண்ணா
வேங்கடசுப்ரமணியன்

*

செம்பூர்
22 ஜூலை 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. இருந்தாலும் உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நிகில் உன் கடிதத்தை வாங்கிப் படித்தான். அப்புறம், "செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல நின்னுண்டிருந்தாரா அப்பா? உள்ள வந்திருக்கப்படாதோ, அத்தே?" என்றான்.

நீ வந்த திங்கட்கிழமை அவன் பேசிய இடத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாது. நீ கேட்காதே, அவனே சொல்வான். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்கிற வேலை இனி வேண்டாம். உள்ளே போய் அவர்களோடு உட்கார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற அன்றைக்கு அடை. நீ வருகிறவரை ஆரம்பிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

எப்படித் தெரிந்தது என்று மறுபடி ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதே, நானே சொல்லிவிடுகிறேன். மே மாசக் கடைசியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. சொன்னால் நீ ஊரிலுள்ள டாக்டரையெல்லாம் கூட்டிக்கொண்டு வருவாய் என்று உனக்குச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் பேனா பிடிக்க வரவில்லை. உன் கடிதங்களைப் பிரித்துப் படித்ததும், நான் சொல்லச் சொல்லப் போன கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் எழுதியதும் இங்கே வந்துபோகிற மன்னிதான். பாங்கில் முப்பது வருஷம், செக்கில் இருக்கிற கையெழுத்து யாருடையது என்று பார்ப்பதுதான் உன் வேலையாக இருந்தது.

இப்படிக்கு
வந்தனா
(எழுதியது ருக்கு)