சத்தம் போடாத விசிறி

வெள்ளி இரவு. கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை.

கடற்காற்றில் கம்ப்யூட்டர் குளிரட்டும் என்று பெட்டியின் மூடியைக் கழற்றி, துறைமுகத்தைப் பார்த்த யன்னலடியில் வைத்தது என் கெட்டித்தனம். உப்பு உள்ளே போய், சூட்டைத் தணிக்கிற சிபியு கூலரைத் தின்றுவிட்டது. அதன் விசிறி மோட்டார் படகு மாதிரி இரையும். கலியாணமாகி வந்த நாளிலிருந்து சுமதி அந்த இரைச்சலுக்குள்தான் படுக்கிறாள், பாவம். இன்று காலை அது நின்றே போனது.

கடைக்காரர் இரண்டு கூலர்களை எடுத்து வைத்தார்.

"சின்னன் வேகமாச் சுத்தும், இரையும். பெரிசு மெதுவாத்தான் சுத்தும், சத்தமே கேளாது."

சுமதியின் நித்திரையை நினைத்துப் பெரியதை வாங்கிப் பூட்டினேன். மேசையையும் யன்னலை விட்டுத் தள்ளிப் போட்டேன்.

இரவு வேலைக்கு இருந்தபோது அறை தண்ணீருக்குள் இறங்கியது போலிருந்தது. திரைச்சீலை அசைய, கப்பல் வெளிச்சமும் சுவரில் மிதந்தது. சுமதி எழும்பி வந்து வாசலில் நின்றாள். "ஏனப்பா, நித்திரை வரேல்லையோ?" என்றேன்.

"சத்தத்தைக் காணேல்லை. நீங்கள் இருக்கிறியளோ எண்டு பாக்க வந்தனான்."

"இஞ்சதான் இருக்கிறன்."

"ஓம்" என்றாள், ஆனால் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்குக் கேட்கட்டும் என்று இந்த நாட்குறிப்பைப் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன்.